நீரில் போட்ட அலுமினாவின் வலிமை ஏன் ஒரே தாவலில் சரிகிறது?

கேள்வி: வெண்களி

ஆய்வகத்தில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு என்ற பீங்கான்) தண்டுகளை உலையில் சூடாக்கி, அறை வெப்பநிலையில் உள்ள நீரில் போட்டு, பிறகு வளைத்து முறித்து, எஞ்சிய வலிமையை அளக்கிறோம். உலைக்கும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும் வரை வலிமையில் மாற்றமே இல்லை. அதைத் தாண்டியவுடன் பாதிக்கும் கீழே சரிந்துவிடுகிறது; ஆனால் வேறுபாட்டை இன்னும் சிறிது கூட்டினால் வலிமை மேலும் குறைவதில்லை. சேதம் சீராகக் கூடிக்கொண்டே போகும் என்றுதான் எதிர்பார்த்தேன். இந்தச் சரிவுக்கும் அதன்பின் வரும் சமதளத்துக்கும் காரணம் என்ன?

பதில்: உலைக்களம்

சூடான தண்டு நீரைத் தொட்டதும் மேற்பரப்பு சுருங்க முயல்கிறது. உட்பகுதி இன்னும் சூடாக இருப்பதால் அதைச் சுருங்க விடுவதில்லை. எனவே மேற்பரப்பில் இழுவிசைத் தகைவு (ஓரலகு பரப்பில் செயல்படும் இழுவிசை) எழுகிறது. யங் குணகம் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்), வெப்ப விரிவு எண், வெப்பநிலை வேறுபாடு ஆகிய மூன்றையும் பெருக்கி, ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தை (இழுக்கும்போது பொருள் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்பதைக் காட்டும் எண்) கழித்து வரும் எண்ணால் வகுத்தால் அதன் உச்ச வரம்பு கிடைக்கும். அடர்ந்த அலுமினாவுக்கு யங் குணகம் ஏறத்தாழ 380 கிகாபாஸ்கல், விரிவு எண் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 8 பங்கு என்று கொண்டால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 4 மெகாபாஸ்கல் வரும். அப்படியானால் 200 டிகிரிக்கு 800 மெகாபாஸ்கல். அலுமினா தாங்கும் அளவைவிட இது மிக அதிகம். இருந்தும் அதுவரை தண்டு தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், மேற்பரப்பு நீரின் வெப்பநிலைக்கு உடனே இறங்கிவிடாததும், அதற்குள் உட்பகுதியும் ஓரளவு குளிர்ந்துவிடுவதும்தான்.

இனி, தொடங்கிய விரிசல் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 1969-இல் பீங்கான் ஆய்வாளர் ஹாசெல்மன் இதை ஆற்றல் கணக்காக எழுதிக் காட்டினார். பொருளில் முன்பே உள்ள நுண்விரிசல் மிகக் குறுகியதாக இருந்தால், அதை அசைக்கப் பெரிய வேறுபாடு வேண்டும். அவ்வளவு வேறுபாடு சேரும்போது பொருளுக்குள் தேங்கிய மீட்சித் திரிபு ஆற்றல், புதிய பரப்புகளை உண்டாக்கத் தேவையானதைவிட மிகுந்துவிடுகிறது. அந்த மிகுதி இயக்க ஆற்றலாக மாறி, விரிசலைச் சமநிலை நீளத்தையும் (விடுபடும் ஆற்றலும் புதிய பரப்புக்குத் தேவையான ஆற்றலும் சமமாகும் நீளம்) தாண்டி ஓட வைக்கிறது. நீங்கள் காணும் சரிவு அந்த ஓட்டத்தின் விளைவு. தேவைக்கு மேல் நீண்டுவிட்ட விரிசல் மறுபடி நகர வேண்டுமானால் வேறுபாடு இன்னும் கூட வேண்டும். சமதளம் அந்த இடைவெளிதான். அதற்கும் அப்பால் விரிசல் தாவாமல் சிறிது சிறிதாக நீளும், வலிமையும் மெல்லக் குறையும்.

பதில்: தீச்செங்கல்

உலைகளின் உட்சுவருக்குத் தீச்செங்கல் தேர்வு செய்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். தீச்செங்கல்லில் தொடக்கத்திலேயே நீண்ட விரிசல்கள் ஏராளம். அவை சிறு வேறுபாட்டிலேயே அசையத் தொடங்கினாலும், தேங்கும் ஆற்றலைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதால் எதுவும் நெடுந்தூரம் ஓடுவதில்லை. வலிமை குறைவாக இருந்தாலும் திடீரென்று சரிவதில்லை. விரிசலைத் தொடங்கவிடாமல் தடுக்க உயர்ந்த வலிமையும் தாழ்ந்த யங் குணகமும் வேண்டும். தொடங்கிய விரிசலை விரைவில் நிறுத்த இவற்றுக்கு நேர்மாறானவை வேண்டும். அடிக்கடி சூடாகிக் குளிரும் உலைக்கு, வலிமை எண்ணை மட்டும் பார்த்து அடர்ந்த செங்கல்லை வாங்குவது தவறு என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

வெண்களி

இருவருக்கும் மிக்க நன்றி. தடித்த தண்டுகள் இன்னும் குறைந்த வேறுபாட்டிலேயே வலிமை இழக்கின்றனவே, அது ஏன்? விரிசல்களைக் கண்ணால் காண வழி உண்டா?

பதில்: உலைக்களம்

தடித்த தண்டின் உட்பகுதி குளிர அதிக நேரம் எடுப்பதால், மேற்பரப்புக்கும் உட்பகுதிக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாகிறது. ஓரளவுக்கு மேல் தடிமனைக் கூட்டினால் இந்த விளைவு நின்றுவிடும். நீர் கொதிப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: குமிழிகள் எழும்போது குளிர்தல் விரைவுபடும், மிகச் சூடான பரப்பை ஆவிப் படலம் மூடினால் தளரும்.

விரிசலின் பாதையைப் பார்க்கக் கண்ணாடிதான் நல்லது. யூசே, சானோ என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட சோதனையில், சூடான மெல்லிய கண்ணாடிப் பட்டையைச் சீரான வேகத்தில் குளிர்நீரில் இறக்கினார்கள். வேகமும் வேறுபாடும் குறைவாக இருந்தபோது விரிசல் நேர்கோடாகச் சென்றது. கூட்டியபோது அலையாக வளைந்தது. மேலும் கூட்டியபோது கிளைவிட்டது. உங்கள் அலுமினாவில் ஒளி அப்படி ஊடுருவாது. நீரிலிருந்து எடுத்த தண்டை நன்கு உலர்த்தி, ஊடுருவும் சாயத்தில் ஊறவைத்து, மேற்பரப்பைத் துடைத்து, சாயம் காய்ந்தபின் குறுக்காக அறுத்துப் பாருங்கள். சரிவுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள தண்டுகளை அருகருகே வைத்தால், விரிசல் எவ்வளவு ஆழம் ஓடியிருக்கிறது என்பதை நேரடியாக அளக்கலாம்.