புதுப்பிப்பு: மார்ஃபின் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேனே

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். காசிமேட்டில் அக்கா மகன், 9 வயது, எலும்புப் புற்றுநோய். இனி கீமோ வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ஃபின் என்ற வீரியமான வலி மருந்தைக் கொடுத்தால் பழகிவிடுமோ என்று அக்கா பயந்தாள்.

இப்போது வலி நிவாரணக் குழு வீட்டுக்கே வருகிறது. நர்ஸம்மா முதல் நாள் சிரிப்பிலிருந்து அழுகை வரை வரைந்த முகங்களை நீட்டி, “எதுடா கண்ணா உன் வலி?” என்றார். கடைசி முகத்துக்கு முந்தியதைத் தொட்டான். அதுவரை நாங்கள் யாரும் அவனிடம் இப்படிக் கேட்டதே இல்லை.

4 மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின். வலி வந்தபின் அல்ல, வருவதற்கு முன்பே. இரவு 2 மணிக்கும் அலாரம். அளவோடு வலிக்குக் கொடுத்தால் அடிமையாகிவிட மாட்டான் என்று டாக்டர் உட்கார்ந்து விளக்கினார். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதனால் மலமிளக்கி மருந்தும் அன்றே தொடங்கினோம். ஒன்று கவனியுங்கள்: மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. எங்களுடையது அந்த வகை இல்லை, கேட்டுவிட்டுத்தான் தேனில் குழைக்கிறோம்.

யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி நிவாரண சேவையும் உண்டு.

அப்புறம், நேற்று ஒருக்களித்துப் படுத்தபடியே கேரம் ஆடினான். சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, “மாமா, ஃபாலோ பண்றேன் பாரு” என்றான்.