‘கலர் ரெண்டரிங்’: நிறப்பெயர்ப்பு என்று சொல்லலாமா?

நண்பர்களே,

கேமரா அளந்த ஒளியைப் பார்க்கத்தக்க படத்தின் நிறமாக மாற்றுவதை ஆங்கிலத்தில் ‘கலர் ரெண்டரிங்’ (color rendering) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் விவாதத்தில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: நிறச் செயலாக்கம், வண்ணம் தீட்டல், நிறத் திருத்தம், நிற வழங்கல். நான்குமே எனக்கு உறுத்துகின்றன. ஏன் என்று சொல்லிவிட்டு ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன் கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (raw) கோப்புக்குள் என்ன இருக்கிறது, அது எப்படிப் படமாகிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் அகராதியைப் புரட்டியதால்தான் நமக்கு ‘வழங்கல்’ கிடைத்தது என்று நினைக்கிறேன்.

ரா கோப்பு என்றால் ‘இன்னும் மெருகேற்றாத படம்’ என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதில் நாம் பார்க்கும் பொருளில் படமே இல்லை. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் உணரியின் (சென்சார்) ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற எண் மட்டும் இருக்கிறது. 14 பிட் கேமரா என்றால் 0 முதல் 16,383 வரை, புள்ளிக்கு ஓர் எண். சிலிக்கனுக்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டியை வைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஆக, சிவப்பு வடிகட்டியின் கீழ் இருக்கும் புள்ளிக்குப் பச்சையும் நீலமும் எவ்வளவு என்று தெரியாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து மென்பொருள்தான் கணித்து நிரப்புகிறது. முடிந்த படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள் என்றால், அவற்றில் இரண்டு இப்படி நிரப்பப்பட்டவை. பழைய பாடல்களில் பிற்காலத்தவர் சேர்த்த வரிகளை இடைச்செருகல் என்கிறோம். கணக்கில் இப்படி இடையில் நிரப்புவதற்கும் அதே சொல் வழங்குவதுண்டு. இந்த இடத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்த்து வியந்திருக்கிறேன்.

அடுத்தது வெண்சமன் (ஒயிட் பேலன்ஸ்), வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது. மஞ்சள் குமிழ் விளக்கின் கீழும் வெள்ளைத் தாள் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறது, கண் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. உணரி அப்படிப் பழகாது. அதனால் சிவப்பு எண்களையும் நீல எண்களையும் ஒவ்வொரு காரணியால் பெருக்கிப் பச்சையோடு சமன் செய்கிறோம். பெருக்காமல் திறந்தால் படம் பச்சை படிந்து கிடக்கும். ரா கோப்பில் அந்தக் காரணிகள் ஒரு குறிப்பாக மட்டும் இருக்கின்றன, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கேமராவே முடித்துத் தரும் ஜேபெக் (JPEG) படத்தில் அவை ஏற்கெனவே பெருக்கப்பட்டு உள்ளே போய்விட்டன.

அப்புறம்தான் நம் விவாதத்தின் நடுப்புள்ளி வருகிறது. வடிகட்டியின் சிவப்பு வேறு, நம் கண்ணின் சிவப்பு வேறு. கேமராவின் மூன்று உணர்திறன்களும் கண்ணில் நிறமுணரும் மூன்று வகைக் கூம்பு செல்களோடு நேர்க்கணக்கில் (எண்களால் பெருக்கிக் கூட்டும் கணக்கில்) பொருந்தினால் போதும், நிறங்களைப் பிழையில்லாமல் மாற்றிவிடலாம். இதை லூதர் நிபந்தனை என்பார்கள். நடைமுறையில் கேமராக்கள் இதை முழுதாக நிறைவேற்றுவதில்லை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் கேமராவுக்கு வேறு வேறாகலாம். கண்ணுக்கு வேறாகத் தெரிபவை கேமராவுக்கு ஒன்றாகிவிடலாம். அப்படி ஒன்றாகிவிட்டவற்றைப் பிறகு எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. அதனால் கேமராவின் எண்களை, ஒளி, நிற அளவைகளுக்கான பன்னாட்டு ஆணையமான சிஐஇ (CIE) 1931-இல் வகுத்த நிறவெளி (கண் காணும் நிறங்களை எண்களால் குறிக்கும் முறை) போன்ற ஒன்றுக்குக் கொண்டுபோக ஒன்பது எண்கள் கொண்ட ஓர் அணியால் (மேட்ரிக்ஸ்) பெருக்குகிறோம். அந்த ஒன்பது எண்களும் ஒரு சமரசம். மனிதத் தோல் நிறம் சரியாக வர வேண்டுமா, இலைப்பச்சை சரியாக வர வேண்டுமா என்று யாரோ ஒருவர் எடைபோட்டு முடிவு செய்திருக்கிறார்.

ஒருமுறை ஊதா நிறப் பூ ஒன்றைப் படமெடுத்து, அந்த ஒரே கோப்பை இரண்டு மென்பொருள்களில் திறந்தேன். எந்த அமைப்பையும் தொடவில்லை. ஒன்றில் பூ நீலமாக வந்தது. இன்னொன்றில் சிவப்பு ஏறிய ஊதாவாக வந்தது. பூவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன், இரண்டுமே அது இல்லை. அன்றைக்குத்தான் ‘கோப்பில் இருக்கும் நிறம்’ என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு உறைத்தது. கோப்பில் இருப்பது அளவு. நிறம் அதை வாசிப்பவர் சொல்வது.

அதோடு முடியவில்லை. வெயிலும் நிழலும் கலந்த ஒரு காட்சியில் மிகப் பிரகாசமான இடத்துக்கும் மிக இருண்ட இடத்துக்கும் உள்ள வேறுபாடு பல ஆயிரம் மடங்கு இருக்கும். அச்சிட்ட தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு சில நூறு மடங்கைத் தாண்டுவதே அரிது. அந்தப் பெரிய வீச்சை இந்தச் சின்ன வீச்சுக்குள் அடக்கும்போது எதை விடுவது, எதைக் காப்பது, எங்கே அழுத்தம் கொடுப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 22028 என்ற பன்னாட்டுத் தரநிலை ‘கலர் ரெண்டரிங்’ என்ற சொல்லை இந்தச் செயலுக்குத்தான் வைத்திருக்கிறது: காட்சியைச் சார்ந்த நிறத்தரவை, வெளியீட்டைச் சார்ந்த நிறத்தரவாக மாற்றுவது. காட்சி ஒரு பக்கம், தாளோ திரையோ மறுபக்கம், நடுவில் இந்த மாற்றம்.

இப்போது அந்த நான்கு சொற்களுக்கு வருகிறேன். ‘செயலாக்கம்’ மிக அகலம். இரைச்சல் நீக்குவதும் செயலாக்கம், கூர்மையேற்றுவதும் செயலாக்கம், அளவைக் குறுக்குவதும் செயலாக்கம். ‘தீட்டல்’ இல்லாத ஒன்றைப் புதிதாகப் பூசுவது. இங்கே மூலத்தில் அளவுகள் இருக்கின்றன, அவற்றுக்கு நாம் கட்டுப்பட்டவர்கள். ‘வழங்கல்’ என்றால் எனக்குப் பரிசு வழங்கல்தான் நினைவுக்கு வருகிறது. சொல்லைப் பார்த்துப் பொருளை யாராலும் ஊகிக்க முடியாது.

‘திருத்தம்’ என்ற சொல்லைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். திருத்தம் என்றால் ஏற்கெனவே ஒரு நிறம் இருந்தது, அது பிழையாக இருந்தது, சரியான விடை ஒன்று உண்டு என்று மூன்று பொய்களை ஒரே சொல்லில் வைக்கிறோம். புதிதாகக் கற்க வருபவர் இந்தச் சொல்லைப் படித்தால் ‘கேமரா தந்த நிறம்தான் உண்மை, மென்பொருளில் செய்வதெல்லாம் ஏமாற்று’ என்ற முடிவுக்குத்தான் போவார். கேமரா தந்த ஜேபெக்கும் ஒரு ரெண்டரிங்தான். அதைக் கேமராவை உருவாக்கியவர்கள் நமக்காகச் செய்து கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். தவிர, ‘கலர் கரெக்‌ஷன்’ என்ற தனிக்கருத்து உண்டு. அதற்கு நிறத் திருத்தம் வேண்டும், அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது.

நான் முன்வைக்கும் சொல் நிறப்பெயர்ப்பு.

மொழிபெயர்ப்பை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். உணரியின் மொழியில் இருப்பதைக் கண்ணின் மொழிக்குக் கொண்டுவருகிறோம். ஒரே மூலத்தை இரண்டு பேர் மொழிபெயர்த்தால் இரண்டு விதமாக வரும், இரண்டும் நேர்மையானவையாக இருக்கலாம். மூலத்தில் உள்ள எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது. மூலத்தில் இல்லாததை நுழைத்தால் அது பெயர்ப்பு இல்லை. பெயர்த்த பிறகும் மூலம் அப்படியே இருக்கும், நாளைக்கு இன்னொருவர் வந்து வேறு மாதிரி பெயர்க்கலாம். ரா கோப்போடு வேலை செய்பவர்களுக்கு இவை ஒவ்வொன்றும் அன்றாட அனுபவம். ஒலிபெயர்ப்பு, எழுத்துப்பெயர்ப்பு என்று இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே சொற்கள் இருப்பதால் புதிய சொல் அந்நியமாகவும் இருக்காது.

இலக்கணம் இடிக்குமோ என்று எனக்கும் ஐயம் இருந்தது. ‘இடம்பெயர்’ என்பது வினை, ‘இடப்பெயர்வு’ பெயர். அதே வழியில் ‘நிறம்பெயர்’ வினையாகவும் ‘நிறப்பெயர்ப்பு’ பெயராகவும் வரும். நிறம்பெயர்த்த படம், நிறம்பெயர்க்காத தரவு, இந்தக் கோப்பை இன்னும் மென்மையாக நிறம்பெயர்த்துக் கொடுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை. ரா கோப்பை மாற்றும் மென்பொருளை ‘நிறப்பெயர்ப்பி’ எனலாம். ‘வண்ணம்’ வேண்டாம், ‘நிறம்’ போதும் என்று தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. நிறமாலை, நிறமி, நிறப்பிரிகை என்று அறிவியல் தமிழ் நிறத்தின் பக்கம்தான் நிற்கிறது.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க, அதன் உறவுக்காரச் சொற்களையும் அது தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அச்சுக்கு அனுப்பும்போது ‘ரெண்டரிங் இன்டென்ட்’ என்று ஒரு தேர்வு வரும், நான்கு வகை. நம் சொல்லில் அது ‘பெயர்ப்பு நோக்கம்’. தாளில் அடங்காத நிறங்களை என்ன செய்வது என்பதுதான் அங்கே கேள்வி. ஒரு வகை, அடங்கும் நிறங்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதுபோல அப்படியே வைத்து, அடங்காதவற்றை விளிம்பில் வெட்டிவிடும். இன்னொரு வகை, எல்லா நிறங்களையும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி, அவற்றுக்கு இடையிலான உறவைக் காக்கும். சொல்லைக் காப்பதா, பொருளைக் காப்பதா என்று மொழிபெயர்ப்பாளர்கள் காலங்காலமாகப் பேசிவரும் அதே கேள்வி. ‘நிற வழங்கல் நோக்கம்’ என்று எழுதிப் பாருங்கள், இதில் எதுவும் கிடைக்காது.

எதிர்ப்புகள் வரும். எனக்குத் தெரிந்தவற்றை நானே சொல்லிவிடுகிறேன். சுவரில் காரை பெயர்ந்தது என்கிறோமே, நிறம் பெயர்வது சாயம் போவதாகாதா? சாயம் ‘போகும்’, துணி ‘வெளுக்கும்’, படம் ‘மங்கும்’. நிறம் ‘பெயர்ந்தது’ என்று சுவரைப் பற்றி யாராவது சொல்லலாம், ஆனால் நம் வினை ‘பெயர்த்தல்’, பிறவினை. சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. அடுத்ததுதான் இதைவிட வலுவானது: ‘நிறப்பெயர்’ என்றால் நிறத்தின் பெயர், சிவப்பு நீலம் என்பது போல. மென்பொருள் பட்டியில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கண் ஏமாறும். இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பெயரைக் குறிக்கும் இடங்களில் ‘நிறத்தின் பெயர்’ என்று விரித்து எழுதலாம் என்பதுதான் என் யோசனை.

இன்னொன்று. விளக்குகளைப் பற்றிப் பேசும்போதும் ‘கலர் ரெண்டரிங்’ வருகிறது, சிஆர்ஐ (கலர் ரெண்டரிங் இண்டெக்ஸ்) என்று 100-ஐ உச்சமாக வைத்து மதிப்பிடுவார்கள். அங்கே இதே சொல்லைப் போடலாமா என்றால், கூடாது. ஒரு விளக்கின் ஒளியில் பொருள்களின் நிறம் எவ்வளவு நேர்மையாகத் தெரிகிறது என்பது அந்த அளவு, எட்டு மாதிரி நிறங்களை வைத்துச் சராசரி எடுப்பது. தாழ் அழுத்தச் சோடியம் விளக்கின் கீழ் எல்லாமே மஞ்சளும் கறுப்புமாகத்தான் தெரியும். அங்கே யாரும் எதையும் பெயர்க்கவில்லை. அதற்கு ‘நிறங்காட்டும் திறன்’ போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லைக் கட்டி இழுக்க வேண்டியதில்லை.

சரி, ரா கோப்புக்குத் தமிழில் என்ன சொல்வது? வேகாதது, சுடாதது என்ற பொருளில் வந்த ‘பச்சைக் கோப்பு’ என்ற பரிந்துரை எனக்கு உள்ளூரப் பிடித்தது. சுடாத மண்கலத்தைப் பசுமட்கலம் என்று குறள் சொல்கிறது, அந்தப் பொருள் இங்கே எவ்வளவு அழகாக உட்கார்கிறது! ஆனால் நிறத்தைப் பற்றி மட்டுமே பேசும் துறையில், அதுவும் பாதிப் புள்ளிகள் பச்சையாக இருக்கும் உணரியைப் பற்றிப் பேசும்போது, பச்சைக் கோப்பு என்று எழுதினால் வாசிப்பவர் திணறிப்போவார். ‘கச்சாக் கோப்பு’ எண்ணெயை நினைவூட்டினாலும் புரியும், அதை நான் எதிர்க்கவில்லை. மொழிபெயர்ப்போடு ஒத்துப்போவதால் ‘மூலக்கோப்பு’ என்றுதான் நானே முதலில் எழுதி வைத்திருந்தேன். மென்பொருள் இடைமுகத்தை மொழிபெயர்க்கும் நண்பர் ஒருவர் அதை ஒரே கேள்வியில் கவிழ்த்தார்: ஜேபெக்கை உள்ளே கொண்டுவந்து மாற்றினால் அந்த ஜேபெக்கும் மூலம்தானே, அப்போது ‘மூலத்துக்குத் திரும்பு’ என்ற பொத்தான் எதைச் சொல்லும்? பதில் இல்லை. அதனால் இப்போது ‘உணரிக்கோப்பு’ என்கிறேன். உணரி அளந்ததை வைத்திருக்கும் கோப்பு. பழுக்காதது, வேகாதது என்ற குறைச்சொல் எதுவும் இதில் இல்லை.

மீதி இருப்பது, நாம் செய்த அமைப்புகளை உணரிக்கோப்பைத் தொடாமல் தனியே எழுதி வைக்கும் அந்தச் சின்னக் கோப்பு. மூலமும் உரையும் என்று பதிப்பிக்கும் மரபில் வந்த நமக்கு ‘உரைக்கோப்பு’ என்று சொல்லத்தான் கை துடிக்கும். ஆனால் எழுத்து மட்டும் உள்ள கோப்புக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ‘உடன்கோப்பு’ என்று நான் தற்காலிகமாக எழுதி வருகிறேன், திருப்தி இல்லை. இதற்கும், ‘நிறப்பெயர்’ குழப்பத்துக்கும் நல்ல யோசனை இருப்பவர்கள் எழுதுங்கள்.