பிரிவதென்று முடிவு, ஆனால் ஒரே வீடு: பில்களை எப்படிப் பிரிப்பது?

கேள்வி:
சென்னையில் சொந்த ஃப்ளாட், லோன் இருவர் பெயரிலும். பரஸ்பர சம்மத விவாகரத்து என்று பேசி முடித்தாயிற்று. பையனின் ஆண்டுத் தேர்வு முடியும்வரை ஒரே வீட்டில் தனித்தனி அறை. அவர் சம்பளம் 90,000, எனக்கு 60,000. எல்லாமே பாதிப் பாதி என்கிறார். கரண்ட் பில்லில்தான் பெரிய சண்டை. அவர் அறை ஏசி ராத்திரி முழுக்க ஓடுகிறது.

பதில் 1:
எல்லாவற்றுக்கும் பாதி பொருந்தாது, சகோதரி. மெயின்டனன்ஸ், சொத்து வரி, குடிநீர் வரி, இன்டர்நெட் பாதியாக இருக்கட்டும். பையன் செலவைச் சம்பள விகிதத்தில், 3:2 ஆகப் போடுங்கள். ஃபீஸ் 50,000 என்றால் அவர் 30,000, நீங்கள் 20,000. வேன், டியூஷன், மருந்து எல்லாம் இதில் சேரும். சமையல் தனித்தனி என்றால் மளிகையைக் கணக்கிலேயே கொண்டுவராதீர்கள், தினமும் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

பதில் 2:
ஏசி லைனில், எம்சிபிக்கு (ஓவர்லோடானால் தானே ட்ரிப் ஆகும் சுவிட்ச்) அடுத்து, ஏசி யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டும் ஒரு சிங்கிள் ஃபேஸ் சப்மீட்டர் மாட்டச் சொல்லுங்கள். ரீடிங் எடுக்க ஆள் வரும் அன்றே இரண்டு மீட்டரையும் போட்டோ எடுங்கள். மொத்தம் 620 யூனிட், ஏசி 260 என்று வையுங்கள். யூனிட் விகிதத்தில் பிரித்தால் உங்களுக்குத்தான் நஷ்டம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்கான குறைந்த ரேட் போய்விடும். தாண்ட வைப்பது அந்த ஏசி. அதனால் மின்வாரிய இணையதளத்தின் பில் கால்குலேட்டரில் 360 யூனிட்டுக்கு மட்டும் தொகை பாருங்கள். அதில் பாதி உங்களுடையது. மொத்த பில்லில் மீதி முழுவதும் அவருடையது.

பதில் 3:
இஎம்ஐ விஷயத்தில் கவனம். உங்களுக்குள் என்ன பங்கு என்பது வங்கிக்குத் தேவையில்லை; பவுன்ஸ் ஆனால் இருவர் சிபில் ஸ்கோரும் அடிபடும். உங்கள் பங்கை நாலு நாள் முன்பே அனுப்பி, 'ஜூன் இஎம்ஐ, என் பங்கு' என்று ரிமார்க்ஸில் எழுதுங்கள். ரொக்கம் வேண்டவே வேண்டாம். உங்கள் கிரெடிட் கார்டில் அவருக்கு ஆட்-ஆன் கார்டு (கூடுதல் கார்டு) இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அதில் அவர் செலவழிப்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஜாயின்ட் அக்கவுன்டில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றிருந்தால், இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று மாற்ற வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

இந்து திருமணச் சட்டப்படி மனு போட ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரைக்குள் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லையென்றால் அது பிரிந்து வாழ்வதுதான் என்று 1991ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டால் காட்ட, இந்தத் தனிக்கணக்கும் உதவும். தொடங்கும் தேதியை இருவரும் ஒரு மெயிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.