புல்லி மாற்றியதிலிருந்து பேரிங் நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

ஆத்தூர் பிட்டர்:
சேலம் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) பேக்டரியில் பிட்டராக இருக்கிறேன். கிழங்கு அரைக்கும் டிரம் ஷாப்டில் 22212 நம்பர் உருளை பேரிங். சீசனில் அரவை போதவில்லை என்று ஓனர் புல்லியை மாற்றி 1200 ஆர்.பி.எம்.மை 1800 ஆக்கினார், அதிலிருந்து ஒரு வருஷம் ஓடிய பேரிங் ஒன்றரை மாசத்தில் சத்தம் போடுகிறது. ஹவுசிங் 95 டிகிரி, கை வைக்க முடியவில்லை. கழற்றினால் துரு இல்லை, வெளி வளையத்தில் உருளை ஓடும் தடம் மட்டும் பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது, நகத்தில் நெருடுகிறது. கிரீஸ் குறையே வைக்கவில்லை, மூன்று ஷிப்டிலும் கிரீஸ் கன்னில் பத்துப் பத்து அடி. வேகம் தாங்கவில்லையோ?

சீலநாயக்கன்பட்டி லேத்:
டூப்ளிகேட்டாக இருக்கும் தம்பி. பெட்டியைப் பார்த்து ஏமாறாதீங்க.

மேட்டூர் மெயின்டனன்ஸ்:
எதற்கெடுத்தாலும் டூப்ளிகேட் என்றால் எப்படிங்கண்ணா. உள்விட்டம் 60, வெளிவிட்டம் 110, சராசரி 85 மிமீ. 1800-ஆல் பெருக்கினால் 1,53,000, அது கிரீஸிலேயே ஓடக்கூடிய வேகம்தான். வேகம் கூடினால் எண்ணெய்ப் படலம் தடிக்கத்தான் செய்யும், அதை மெலிய வைப்பது சூடு. மெலிந்ததும் இரும்போடு இரும்பு உரசி, கண்ணுக்குத் தெரியாத பொடிக்குழிகள் விழுந்து, நீங்கள் சொன்ன சாம்பல் நிறம் வரும். சூடு எங்கிருந்து வருகிறது? உங்கள் கிரீஸ் கன்னில் இருந்துதான் என்று நினைக்கிறேன்! ஹவுசிங் முழுக்க அடைத்தால் உருளைகள் கிரீஸையே கடைந்துகொண்டிருக்கும், வேகம் கூடக்கூட இன்னும் மோசம். பேரிங்குக்குள் நிறைய வையுங்கள், ஹவுசிங் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். மறுபடி போடும் அளவு 0.005 × வெளிவிட்டம் 110 × அகலம் 28, அதாவது சுமார் 15 கிராம், அதுவும் தினமும் இல்லை. அப்புறம் 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸ் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு. பெல்ட்டை வீணை கம்பி மாதிரி இழுத்திருந்தால் அதையும் தளர்த்துங்கள்.

ஆத்தூர் பிட்டர்:
தராசில் போட்டேன், ஒரு அடி 1.2 கிராம், ஆக ஒரு நாளைக்கு 36 கிராம் போயிருக்கிறது! ஹவுசிங் அடியில் கிரீஸ் வெளியேறும் பிளக்கை யாரோ பெயிண்ட் அடித்தே அடைத்திருக்கிறார்கள். புது பேரிங் போட்டு நீங்கள் சொன்ன அளவே வைத்தேன். முதலில் 85 வரை ஏறி வயிற்றைக் கலக்கியது, சாயந்திரம் 68-ல் நின்றுவிட்டது. கழற்றியதை எமரி போட்டுத் தேய்த்து ஸ்பேருக்கு வைக்கலாமாண்ணா?

மேட்டூர் மெயின்டனன்ஸ்:
வேண்டாம் தம்பி. காயலான் கடைக்குப் போடுங்க.