ஏழாம் வகுப்புக்குத் துணிச்சல் ரிட்ரீட்: மகளை அனுப்பலாமா?

கேள்வி (அமெரிக்காவின் மினியாபொலிஸ் புறநகர், தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இங்குள்ள அரசுப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். யூத் ஃபிரண்டியர்ஸ் என்ற அமைப்பு நடத்தும் ‘கரேஜ் ரிட்ரீட்’ என்ற துணிச்சல் முகாமில் வகுப்பு முழுவதும் ஒரு நாள் கலந்துகொள்ளப் போவதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சக மாணவர் ஒருவர் அவமதிக்கப்படும்போது வேடிக்கை பார்க்காமல் அவர் பக்கம் நிற்கும் மனத்துணிவை வளர்ப்பது நோக்கம் என்கிறார்கள். நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் ‘நாமுண்டு, நம் வேலையுண்டு’ என்று சொல்லியே அவளை வளர்த்திருக்கிறோம். அவள் மதிய உணவு மேசையில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தட்டுடன் வரும்போதெல்லாம், காலியாக இருக்கும் நாற்காலியில் யாரேனும் ஒருத்தி தன் பையைத் தூக்கி வைத்துவிடுகிறாளாம். நாளை இவள் அந்தப் பையை எடுக்கச் சொன்னால், மறுநாள் இவளுக்கே இடமிருக்காதே என்பதுதான் என் பயம். மேலும், ரிட்ரீட் என்றாலே எனக்குத் தேவாலயத் தியானம்தான் நினைவுக்கு வருகிறது. இதில் மதம் கலந்திருக்குமா?

பதில் 1 (செயின்ட் பால், நடுநிலைப் பள்ளி ஆசிரியை)

வணக்கம் அம்மா. மதம் குறித்த ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். அரசுப் பள்ளி தானே முன்னின்று மாணவரை வழிபாட்டில் ஈடுபடுத்துவது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே, அரசுப் பள்ளி நடத்தும் ரிட்ரீட்டில் வழிபாட்டுக்கு இடமில்லை. 1987-இல் மினியாபொலிஸில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, தொடக்கப் பள்ளிக்குக் கனிவு, நடுநிலைப் பள்ளிக்குத் துணிச்சல், உயர்நிலைப் பள்ளிக்கு மரியாதை என வயதுக்கேற்ற கருப்பொருளை வைத்திருக்கிறது. பாட்டு, விளையாட்டு, கதை எல்லாம் உண்டு. பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கிறார்கள். ஆசிரியர் சொன்னால் காதில் வாங்காத பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், தங்களைவிட நான்கு வயது மூத்தவர் சொன்னால் வாய் பிளந்து கேட்பார்கள் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். டொரண்டோவின் தொடக்கப் பள்ளி மைதானங்களில் ஹாக்கின்ஸ், பெப்லர், கிரெய்க் ஆகிய மூவர் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சீண்டல் (ஒருவரைக் குறிவைத்துக் கேலியும் வம்பும் செய்வது) நிகழ்ந்தபோது பெரும்பாலும் சக பிள்ளைகள் சுற்றி நின்றிருக்கிறார்கள். ஆனால் சிலரே குறுக்கிட்டிருக்கிறார்கள். அப்படிக் குறுக்கிட்ட நிகழ்வுகளில் பாதிக்கு மேல், பத்து நொடிக்குள் சீண்டல் நின்றிருக்கிறது. அதே ஆய்வில் கணிசமான குறுக்கீடுகள் அடிதடியாகவும் வசையாகவும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ‘தைரியமாக இரு’ என்று சொல்லிவிட்டு, எப்படிக் குறுக்கிடுவது என்று சொல்லித் தராமல் விட்டால் பிள்ளை சண்டையில்தான் போய் நிற்கும்.

பதில் 2 (ஈகன், தந்தை)

ஆசிரியை சொன்னதை மறுக்கவில்லை; ஆயினும் ஒரு நாள் நிகழ்ச்சியின்மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. என் மகன் சென்ற ரிட்ரீட் (வேறொரு குழு நடத்தியது) முடிந்த அன்று மாலை, பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுது மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்; மறுவாரமே வகுப்பின் ஸ்நாப்சாட் குழுவில் அதே கேலி தொடங்கிவிட்டது. அந்த நாளின் உருக்கத்தில் மனம் திறந்து பேசிய ஒரு பையனின் குடும்ப விஷயம்தான் அந்தக் கேலிக்குத் தீனி. பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா என்ற சீண்டல் தடுப்புத் திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களைக் குறிவைத்ததுதான். ஆனால் அதன் பாடங்கள் கல்வியாண்டு முழுவதும் வகுப்பறையிலேயே நடக்கின்றன, நிகழும் ஒவ்வொரு சீண்டலையும் கையாளப் பள்ளியில் தனிக் குழுவும் இருக்கிறது. நம் பள்ளிகளில் பல, ரிட்ரீட்டை நடத்தியதோடு கடமை முடிந்தது என்று கையைக் கழுவிவிடுகின்றன. அனுப்புங்கள், ஆனால் அடுத்த நாளிலிருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தரங்கங்களைப் பலர் முன்னிலையில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்று மகளிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பதில் 3 (பிளைமவுத், பெற்றோர் குழு உறுப்பினர்)

சகோதரி, ‘நாமுண்டு, நம் வேலையுண்டு’ என்பதை நானும் என் வீட்டில் சொன்னவள்தான். வெளிநாட்டில் வம்பில்லாமல் பிழைக்க அது நமக்கு உதவியது. பிள்ளைகளோ இங்கேயே பிறந்து, இதே மேசையில் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டியவர்கள். உங்கள் மகள் எல்லார் முன்னிலையிலும் பையை எடுக்கச் சொல்ல வேண்டியதில்லை. தன் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணுடன் வேறு மேசையில் போய் உட்காரலாம். அதற்கும் மனம் வராவிட்டால், பிறகு தனியாக அந்தப் புதுப் பெண்ணிடம் ‘நேற்று நடந்தது சரியில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லலாம், பள்ளி ஆலோசகரிடம் தெரிவிக்கலாம். இவையும் அந்த ரிட்ரீட் கேட்கும் துணிச்சலில் சேர்ந்தவையே.

ஆலோசகரிடம் சொல்வதைக் கோள் மூட்டுவதாக நினைக்க வேண்டாம். நம் மினசோட்டா மாநிலத்தில் 2014-இல் இயற்றப்பட்ட பாதுகாப்பான பள்ளிகள் சட்டப்படி, சீண்டல் பற்றிய புகார் வந்த மூன்று பள்ளி நாட்களுக்குள் விசாரணையைத் தொடங்க வேண்டும். புகார் தந்தவரைப் பழிவாங்குவதும் அச்சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இதற்கெனப் பொறுப்பான ஒருவரைப் பள்ளி நியமித்திருக்கும். அவர் யார் என்று அலுவலகத்தில் விசாரித்து, ரிட்ரீட்டுக்கு முன்பே அவருடைய பெயரை மகளுக்குச் சொல்லிவிடுங்கள். புகாரை நீங்களே மின்னஞ்சலில், தேதியும் இடமும் குறிப்பிட்டு அனுப்புவது நல்லது.