செகண்ட்ஸ் செயின் வண்டி, நாலு எரர் கோடு ஒண்ணா வருது, சென்சார் பூராம் மாத்தணுமா?

மேலூர்_மண்ணு:
அண்ணே எல்லாருக்கும் வணக்கம். போன மாசம் செகண்ட்ஸ்ல 20 டன் செயின் வண்டி (மண்ணு தோண்டுற எக்ஸ்கவேட்டர்) ஒண்ணு எடுத்தேன், காமன் ரெயில் எஞ்சின், வாங்குறப்ப ஓட்டிப் பாத்தோம் மானிட்டர்ல ஒரு லைட்டுகூட எரியல. இப்ப மேலூர் பக்கம் கண்மாய் தூர் வார்ற வேலைல நிக்குது, காலைல ஜம்முனு ஓடுது, வெயில் ஏறி எஞ்சின் நல்லா சூடாச்சுன்னா மஞ்ச லைட்டு வந்து ஆர்பிஎம் ஏற மாட்டேங்குது, பக்கெட்ட மண்ணுல குத்துனா எஞ்சின் அமுங்குது. ஆஃப் பண்ணி ஆறவிட்டு போட்டா ஓடும், திரும்ப வந்துரும். ஸ்கேனர் வச்சிருக்க ஒருத்தர கூட்டியாந்து பாத்ததுல 157, 100, 102, 3509 நாலு கோடு, நாலுக்கும் பக்கத்துல எஃப்எம்ஐ 4ன்னு இருக்கு. மூணு சென்சாரையும் மாத்து, அப்பயும் நிக்கலேன்னா இசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) போயிருக்கும்ங்கிறாரு. இசிஎம் வெல கேட்டேன், கேட்டதோட போன வச்சுட்டேன். மண்ணு அள்ள டிராக்டர் வரிசையா நிக்குது, மழை வந்து தண்ணி ஏறுறதுக்குள்ள முடிக்கணும். என்ன பண்ணலாம்?

ஒயரிங்_தம்பி:
அண்ணே ஒரு சென்சாரும் வாங்காதீங்க, இருங்க. மூணு சென்சார் ஒரே நேரத்துல சாகாது, அப்படி செத்தா சாமி குத்தம்தான். 157, 100னு வர்ற எஸ்பிஎன் நம்பர் எந்த சர்க்யூட்டுனு சொல்லும், எஃப்எம்ஐ அதுல என்ன கோளாறுனு சொல்லும், நம்ம ஆளுக முத நம்பர மட்டும் பாத்துட்டு கடைக்கு ஓடிர்றாங்க. 157 ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு போற டீசல் பிரஷர்), 100 ஆயில் பிரஷர், 102 பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்து பிரஷர்). எஃப்எம்ஐ 4ன்னா வோல்ட் கம்மி இல்லேன்னா ஒயர் எர்த்தாகுதுனு அர்த்தம், பிரஷர் கம்மினு அர்த்தம் இல்ல. நெசமாவே பிரஷர் விழுந்தா 1 இல்ல 18 வரும், அப்பத்தான் டீசல் ஃபில்டர், பம்புனு அங்கிட்டு போகணும். உங்களுக்கு முக்கியமான கோடு கடைசியா சொன்னீங்களே 3509, அது இசிஎம் சென்சாருக்கெல்லாம் குடுக்குற 5 வோல்ட் சப்ளை. ஒரே 5 வோல்ட்டுல மூணு நாலு சென்சார் தொங்கும், அதுல ஒண்ணு உள்ள ஷார்ட் ஆனாலும், இல்ல ஒயர் எங்கயாவது பிராக்கெட்டுல உரசி தோல் கிழிஞ்சு பாடில பட்டாலும் அம்புட்டு சென்சாரும் சேந்து படுத்துரும். தண்ணி டேங்கு வால்வு மூடுனா தெருவுல எல்லா வீட்டுக் குழாயும் காய்ற மாதிரி, நீங்க ஒவ்வொரு வீட்டு குழாயா மாத்திக்கிட்டு இருக்கக்கூடாது.

கோளாறு வந்து நிக்கிறப்பவே பாக்கணும், ஆறவிட்டா ஒண்ணும் தெரியாது. எஞ்சின ஆஃப் பண்ணி சாவிய மட்டும் ஆன்ல வச்சு பூஸ்ட் சென்சார் கனெக்டர்ல பாசிட்டிவ் பின்னுக்கும் எர்த்து பின்னுக்கும் மீட்டர் வச்சுப் பாருங்க, 5 வரணும். கம்மியா இருந்தா ஒவ்வொரு சென்சார் கனெக்டரா கழட்டி பாத்துட்டே வாங்க, எத கழட்டும்போது 5 திரும்புதோ அங்கதான் வெனை. சில இசிஎம் ஒரு தடவ கட் பண்ணுச்சுனா சாவிய ஆஃப் பண்ணி போட்டாத்தான் திரும்ப குடுக்கும், அதனால ஒவ்வொண்ணு கழட்டுனதும் சாவிய ஆஃப் பண்ணிப் போடுங்க. மீட்டர் முள்ள பின்னுக்குள்ள திணிக்காதீங்க அகண்டு போகும், அப்புறம் அதுவே புது கோளாறு, பின்பக்கமா மெல்லிசு ஊசி விட்டு பாருங்க. பல்பு டெஸ்டர் வேணவே வேணாம். ரெயில் சென்சார்ல ஒயர மட்டும் கழட்டணும், சென்சார ஸ்பேனர் போட்டு தொடாதீங்க, ஓடுறப்ப 1000 பாருக்கு மேல நிக்கிற இடம் அது.

உசிலை_ஆபரேட்டர்:
எதுக்குண்ணே இம்புட்டு சோலி, கோட கிளியர் பண்ணிட்டு ஆயில் பிரஷர் சென்சார் ஒயர உருவி விட்டு ஓட்டுங்க, எங்க ஓனர் வண்டி அப்படித்தான் ஓடுது

கப்பலூர்_ஹைட்ராலிக்:
தம்பி உசிலை, ஆயில் இல்லேன்னு சொல்ல ஆளே இல்லாம ஒரு எஞ்சின ஓட்டச் சொல்றியேப்பா, கிராங்க் பிடிச்சா உங்க ஓனர் உன்னயவா கேப்பாரு?

மேலூர் தம்பிக்கு, மேல ஒயரிங் தம்பி சொன்னது சரி, அதுக்கு முன்னாடி பேட்டரியையும் எர்த்தையும் பாத்துருப்பா. ரெண்டு 12 வோல்ட் சீரிஸ்ல 24, ஓடுறப்ப 28 பக்கம் நிக்கணும். எஞ்சின்ல இருந்து சேசிஸுக்கு வர்ற எர்த்து பட்டைய கழட்டி துரு சுரண்டி மாட்டு. பழைய வண்டில பக்கெட் பல்லு வெல்டிங், பூம் வெல்டிங்குனு எத்தன தடவ அடிச்சிருப்பாய்ங்களோ, பாதி பேரு பேட்டரியும் இசிஎம் கனெக்டரும் கழட்டாமத்தான் அடிக்கிறது. வயல் ஓரம் நிப்பாட்டுற வண்டினா எலிய மறந்துறாத, கேபினுக்கு பின்னாடி கவுன்டர்வெயிட் பக்கம் ஒயர் கட்டு போற வழி பூராம் கையால தடவிப் பாரு. 639 கோடு வந்திருந்தா கதை வேற, அது கம்ப்யூட்டருக ஒண்ணோட ஒண்ணு பேசுற கேன் லைன் கோளாறு, அப்ப பேட்டரிய கழட்டிட்டு அந்த கேன் ரெண்டு ஒயருக்கும் நடுவுல ஓம் பாக்கணும், 60 வந்தா நல்லது, 120 வந்தா ஒரு முனை விட்டுப்போச்சு.

இன்னொண்ணு, மானிட்டர்ல லைட்டு இல்லேங்கிறத வச்சு வண்டி எடுக்குறத எல்லாரும் நிறுத்துங்கய்யா. காலைல கிளியர் பண்ணிட்டு மத்தியானம் வண்டிய காட்டுவான். பழைய கோடு லிஸ்ட்ட எடுக்கச் சொல்லணும், எத்தன தடவ வந்துச்சு, எந்த ஹவர்ல வந்துச்சுனு பல வண்டில அதுல இருக்கும். லிஸ்ட்டே காலியா இருந்தா எனக்கு சந்தேகம் கூடத்தான் செய்யும். இசிஎம்முக்குள்ள இருக்க ஹவர்ஸும் மானிட்டர் ஹவர்ஸும் ஒத்துப் போகுதானும் பாருங்க. எஞ்சின் கோடு இந்த ஜே1939ங்கிற பொது ஸ்டாண்டர்டு நம்பர்ல பெரும்பாலும் எல்லா கம்பெனிக்கும் ஒண்ணுதான், ஹைட்ராலிக் கோடு அப்படி இல்ல, அது அந்தந்த கம்பெனி புக்குல மட்டும்தான் இருக்கும்.

மேலூர்_மண்ணு:
அண்ணே பாத்துட்டேன். மத்தியானம் லைட்டு வந்ததும் நிப்பாட்டி மீட்டர் வச்சேன், 1.2தான் காட்டுச்சு. பூஸ்ட் கழட்டுனேன் மாறல, ரெயில் கழட்டுனேன் மாறல, ஆயில் பிரஷர் சென்சார கழட்டி சாவி போட்டதும் 4.98. திரும்ப மாட்டுனா டபக்குனு விழுகுது. கனெக்டருக்குள்ள ஆயில் ஈரமா இருக்கு. பேட்டரி, எர்த்து நல்லாத்தான் இருக்கு. அப்ப இது ஒண்ணு மட்டும் வாங்குனா போதுமா?

ஒயரிங்_தம்பி:
போதும்ணே, சென்சார் உள்ள லீக் ஆகி கனெக்டர் வரைக்கும் ஆயில் வந்திருக்கு, சூடாகுறப்ப ஷார்ட் ஆகுது. கனெக்டர கான்டாக்ட் கிளீனர் அடிச்சு காயவிடுங்க, ஆயில் ஒயருக்குள்ளயே ஏறி வருதானு ஒரு சாண் தள்ளியும் பாருங்க. கடைல மரை ஒண்ணா இருக்குனு வேற சென்சார் குடுப்பாங்க, வாங்கிறாதீங்க, பழசுல பொறிச்சிருக்க பார்ட் நம்பர காட்டி அதே கேளுங்க. பிரஷர் ரேஞ்சு மாறுனா கோடு வராமலே போகலாம், ஆனா காட்டுற ஆயில் பிரஷர் பொய்யா இருக்கும்.