பூலியன் தேடல் வினவல்களில் தேவையற்ற அடைப்புக்குறிகளை நீக்க உதவி தேவை

வணக்கம். ஆண்ட் (AND), ஆர் (OR), நாட் (NOT) ஆகிய இணைப்புச் சொற்களைக் கொண்ட பூலியன் தேடல் வினவல்களை எழுத்துச்சரங்களை ஒட்டி உருவாக்காமல், மர வடிவில் கட்டியெழுப்பி, இறுதியில் லூசீன் (Lucene) என்ற திறமூலத் தேடல் லைப்ரரியின் தொடரியலுக்கு மாற்றித் தரும் சிறிய பைத்தான் லைப்ரரி ஒன்றை எழுதி வருகிறேன். லூசீனின் பழைய வினவல் பகுப்பி (parser), ஆண்ட், ஆர் ஆகியவற்றுக்கிடையே வழக்கமான முன்னுரிமையைப் பின்பற்றாமல், ஒவ்வொரு பகுதியையும் கட்டாயம், விருப்பம், விலக்கு என்றே பிரித்துக்கொள்வதால், அடைப்புக்குறி இல்லாத கலப்பு வினவல்கள் எதிர்பாராத முடிவுகளைத் தருகின்றன. ஆகவே எல்லாக் கிளைகளுக்கும் அடைப்புக்குறி இடுகிறேன். அது பாதுகாப்பானதுதான், ஆனால் நீண்ட வினவல்களைப் படித்துப் பிழை தேடுவது மிகக் கடினமாகிவிடுகிறது. (நாட் மட்டுமே உள்ள கிளை எதையும் கண்டெடுக்காது என்பதால், அதன்முன் எல்லா ஆவணங்களையும் குறிக்கும் *:* என்பதைச் சேர்த்துவிட்டேன்.) பொருள் மாறாமல் எந்த அடைப்புக்குறிகளை நீக்கலாம் என்று முடிவுசெய்ய நம்பகமான வழியையோ, இதைச் சரியாகச் செய்யும் திறமூல லைப்ரரியையோ அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.